முதியோரின் இல்லம் தேடிச் செல்வோம்

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. அவன் திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில், ஹலரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் முதிர்ந்து பார்வையிழந்திருந்த தம் தந்தையார் அபூகுஹாபாவைக் கைப்பிடித்து நபிகள் நாயகத்தின் சமுகத்திற்கு அழைத்து வந்தார்கள். அதைக் கண்ட அண்ணலார், பெரியவரை ஏன் சிரமப்படுத்தினீர், நாமே அவர் இல்லம் தேடி வந்திருப்போமே என்று கேட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அப்பொழுது அப்பெரியவர் இஸ்லாத்தில் இணைந்திருக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். ஊரையே வென்று நின்ற தலைவர், கண் தெரியாத ஒரு கிழவரின் வாசலுக்கு நடந்து போகத் தயாராயிருந்தார்கள். முதியவர் நம்மிடம் வரவேண்டுமென்று காத்திருப்பது முறையன்று. நாம் அவரிடம் போவதே முறை.

இந்த முறையை நினைவூட்டும் ஏற்பாடொன்று நம் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எழுந்திருக்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய முதலாவது சமூகப் பராமரிப்பு வீடுகள் அவை. 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு விடப்பட்டன. 2024-இல் கட்டி முடிந்தன. மொத்தம் 169 வீடுகள். ஒவ்வொன்றும் 32 சதுர மீட்டர். 15 ஆண்டு முதல் 35 ஆண்டு வரை தேவைக்கேற்பக் குத்தகை எடுக்கலாம். பிறருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. குளியலறைக்குள் சக்கர நாற்காலி தாராளமாய் நுழையும். தரை வழுக்காது, சுவரிலே கைப்பிடிக் கம்பி உண்டு. ஆபத்து நேர்ந்தால் இரவு பகல் எந்நேரமும் உதவி கேட்கலாம். சில்லறைப் பழுதுகளைப் பார்க்கவும், நலம் விசாரிக்கவும் ஆள் இருக்கிறார். ஒவ்வொரு மாடியிலும் கூடியிருந்து பேசவும் உண்ணவும் பொது இடம் விட்டிருக்கிறார்கள்.

ஒரு கைப்பிடிக் கம்பிக்கு இத்தனை பேச்சா என்று எவரும் எண்ண வேண்டாம். ஐங்காலத் தொழுகையாளியான ஒரு முதியவர் நாளொன்றுக்கு எத்தனை முறை ஒளுச் செய்கிறார்? ஒவ்வொரு முறையும் ஈரத் தரையில் ஒரு காலை ஊன்றி மறு காலைக் கழுவுகிறார். அதிலும் பஜ்ரு நேரம், தூக்கக் கலக்கம், அரை வெளிச்சம். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தருமமென்று போதித்த மார்க்கம் நம்முடையது. நம் பெற்றோரின் பாதை, படுக்கைக்கும் குளியலறைக்கும் இடையே உள்ள பத்தடிதான்.

2014-இல் இந்நாட்டுக் குடிமக்களில் எட்டுப் பேரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். 2024-இல் ஐந்து பேரில் ஒருவர். நம் முன்னோர் கடைக்கு மேல் மாடியில் பாய் விரித்துப் படுத்துச் சம்பாதித்து, தள்ளாமை வந்ததும் கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் நாகூருக்கும் கப்பலேறினார்கள். இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இங்கே, மருத்துவமனை இங்கே, மையவாடியும் இங்கேதான். அவர்களின் முதுமையும் இங்கேயே கழிய வேண்டும்.

"பெற்றவரைத் தனி வீட்டில் விட்டால் ஜமாஅத்தார் என்ன சொல்வார்கள்?" என்று நம்மவர் தயங்குவதுண்டு. தயக்கம் நல்லதே. திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் 23, 24-ஆம் வசனங்கள், முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்ற சொல்லைக்கூடச் சொல்லலாகாதெனத் தடுக்கின்றன. அங்கே 'இன்தக' என்றொரு சொல் வருகிறது. 'உம்மிடத்தில்' என்பது அதன் பொருள். முதுமையில் அவர்கள் நம்மிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்போம். இரவு பதினோரு மணிக்குக் கடையடைத்து வருகிறோம், அத்தா உறங்கிவிட்டார். காலையில் சரக்கெடுக்க ஓடுகிறோம். அத்தா குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கிறார். ஒரே கூரைதான், அவர் நம்மிடத்தில் இருக்கிறாரா? மற்றொருவர் தாமே விரும்பிப் புக்கிட் பாத்தோக்கில் வீடெடுத்தார். மகன் நாள் தவறாமல் போகிறான். வெள்ளிதோறும் அர்-ரவ்ளா பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்கிறான். அவரே அன்றோ மகனிடத்தில் இருக்கிறார்! ஆனால் பெற்றவரின் மனம் விரும்பாதிருக்க, இடநெருக்கடியைச் சொல்லி அனுப்பிவைப்பவன் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவனே. 1995-இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் அவனிடமிருந்து பணத்தை வாங்கித் தரும். அருகில் வந்து உட்கார வைக்காது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, இவ்வாரமே நம் வீட்டுக் குளியலறையைப் பாருங்கள். 2012-இல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தில் கழகமே வழுக்காத பூச்சும், கைப்பிடியும், சாய்வுப்பாதையும் அமைத்துத் தருகிறது. குடிமக்களுக்குச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது.

இரண்டாவது, கல்லாவில் ஆள் வைத்தாவது நாள்தோறும் ஒரு மணி நேரத்தைப் பெற்றோருக்கென ஒதுக்குங்கள். வரவுசெலவில் அதை நட்டமாக எழுதாதீர்கள்.

மூன்றாவது, பிள்ளையற்ற முதியவரை மறவாதீர்கள். கலீபா உமர் (ரலி) அவர்கள் கையேந்தி நின்ற யூத முதியவர் ஒருவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவி, பொதுநிதியிலிருந்தும் வழங்கச் செய்த செய்தி உண்டு. நம் சங்கத்தார் இருவர் இருவராகச் சேர்ந்து, ஹலாலான உணவோடு அத்தகையோரின் கதவைத் தட்டலாம். அவர் எம்மதத்தவராயினும் சரியே.

நம் பெற்றோருக்கு ஸலாமத்தையும், நமக்கு அவர்களுக்குப் பணிவிடை செய்யும் தவ்பீக்கையும் வல்ல நாயன் தந்தருள்வானாக. ஆமீன்.