நாளைய இதயத்துக்கு யார் பொறுப்பு?

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நாற்பதாம் வயதில் தன் நெஞ்சில் துடிக்கப்போகும் இதயத்துக்காக இன்றே முடிவு செய்ய இயலுமா? இயலாது என்பர் பலர். அங்ஙனமாயின் முடிவு செய்ய வேண்டியவர் யார்? பெற்றோரா, மருத்துவரா, அரசா?

வீண் கேள்வியன்று இது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்கும் உள்ளம் உணரும் பாலுக்கும் இடையே தவிக்கும் இளையோர்க்குப் பருவ வளர்ச்சியை நிறுத்தி வைக்கும் மருந்தை நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 1990களில் வழங்கலாயினர். பிட்யூட்டரி சுரப்பியை அது அடக்குகிறது. பால் ஹார்மோன் ஊறுவது நிற்கிறது. மீசை அரும்பாது, மார்பு வளராது. தன் உடலே தனக்குப் பகையாவது கண்டு கலங்கும் பிள்ளைக்கு எத்துணைப் பெரிய ஆறுதல்!

ஆனால், அந்த ஹார்மோன் மீசையை மட்டுமா வளர்க்கிறது? எலும்பை உரமாக்குகிறது, தசையைத் திரட்டுகிறது, கொழுப்புக்கு இடம் வகுக்கிறது. அதை நிறுத்தினால் உடலில் தசையின் பங்கு குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் 192 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கணக்கு இது: 22 வயதில் உடற்பருமன் உற்றோர் திருநங்கையரில் 9.9 விழுக்காடு, திருநம்பியரில் 6.6, ஏனைய பெண்களில் 2.2, ஆண்களில் 3.0.

“பாரீர் தீங்கை!” என்று முழங்குவோர், அதே ஆய்வாளர் இதய நலத்தைப் பொறுத்தவரை பொதுவாகப் பாதுகாப்பாகவே தோன்றுகிறது என முடித்ததை மறைப்பர். “பாதுகாப்பே!” என்று மார்தட்டுவோர், மாரடைப்பு 22 வயதில் கதவைத் தட்டும் நோயன்று என்பதை மறப்பர். இவர்கள் பின்னர்ப் பால் ஹார்மோனும் பெற்றவர்கள்; எடையில் எவ்வளவு எந்த மருந்தின் வேலை? ஏளனத்துக்கு அஞ்சி விளையாட்டுத் திடலை விட்டு ஒதுங்கும் பிள்ளையின் எடைக்கு மருந்து மட்டுமா காரணமாக இருக்க முடியும்?

2024 மார்ச்சில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணி, ஆராய்ச்சிக்கு வெளியே இம்மருந்தை வழக்கமாக வழங்குவதை நிறுத்தியது. டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு தனியார் வழங்கலுக்குக் காலவரையற்ற தடை விதித்தது. ஆராய்ச்சி வேண்டும், மறுக்கவில்லை நாம். ஆனால், “மருந்து வேண்டுமா, ஆய்வில் சேர்” என்னும் வாயிலில் நிற்கும் பிள்ளையின் ஒப்புதலை உரிமையுள்ள ஒப்புதல் என்போமா? மறுப்பதும் நடுநிலையன்று: ஒருமுறை உடைந்த குரல் மீளாது.

எனவே நாம் கேட்பது சிறிது. 9.9 என்ற எண்ணைப் பிள்ளையிடம் மறைக்காது சொல்லுங்கள். எடையையும் இரத்த அழுத்தத்தையும் ஆண்டுதோறும் அளந்து வாருங்கள், இருபத்திரண்டோடு நிறுத்திவிடாமல், அவர்களின் ஐம்பதாம் வயது வரை.