தேய்மானக் கணக்கு

பி.காம். படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சினிமாவோ சீரியலோ, கதாநாயகன் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, அது எந்த வழியில் வந்தது என்று மனசுக்குள் ஒரு பேரேடு எழுதிக்கொண்டே பார்ப்போம். அப்படி நான் கணக்குப் போட்டுக்கொண்டே பார்த்த ஒரு அமெரிக்க சீரியல், கடைசியில் என் பழைய கணக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டது.

சீரியலின் பெயர் ‘பிரேக்கிங் பேட்’. 2008 ஜனவரியில் ஆரம்பித்து 2013 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து சீசன், 62 எபிசோட். நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்கள் மன்னிக்கவும். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்று ஒரு ஊர். அங்கே வால்டர் வைட், ஐம்பது வயது கெமிஸ்ட்ரி வாத்தியார். சம்பளம் போதாமல், பள்ளிக்கூடம் விட்டதும் கார் கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறார். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். மகன் பெருமூளை வாதத்தால் ஊன்றுகோலோடு நடப்பவன். இந்த நிலைமையில் வால்டருக்கு நுரையீரலில் புற்றுநோய். செத்துப்போவதற்குள் குடும்பத்துக்குக் காசு சேர்க்க வேண்டும் என்று, தன்னிடம் படித்த ஜெஸ்ஸி பிங்க்மேன் என்ற பையனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ‘மெத்’ என்ற போதைப்பொருளைக் காய்ச்ச ஆரம்பிக்கிறார். நல்ல வாத்தியார் ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடிய தாதாவாக மாற்றிக் காட்ட வேண்டும். இதுதான் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் தனக்கு வைத்துக்கொண்ட சவால்.

மாற்றத்தை எப்படிக் காட்டுவது? வசனத்தில் சொன்னால் பிரசங்கமாகிவிடும். அதனால் நிறத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். யார் எந்த நிறத்தில் உடுத்துவது என்பதை யோசித்து யோசித்துத் தீர்மானித்தார்கள். ஆரம்பத்து வால்டரின் உடைகள் எல்லாம் வெளிர்ப் பழுப்பு, மங்கிய பச்சை. சுவரோரம் நின்றால் சுவரோடு சுவராகிவிடுவார். பின்னால் உடையின் நிறம் கருத்துக்கொண்டே போகிறது. முதல் சீசன் முடிவதற்குள் தலையில் ஒரு கறுப்புத் தொப்பி ஏறிவிடுகிறது. மனைவி ஸ்கைலருக்கு ஆரம்பத்தில் நீலம். அவள் தங்கை மாரிக்கு உடை, வீடு எல்லாமே ஊதா. சரக்குக் காய்ச்சும்போது போடும் பாதுகாப்பு உடை மஞ்சள்.

பெயர்களில்கூட வண்ணம் உண்டு. வைட் என்றால் வெள்ளை. இளமையில் வால்டர் தன் நண்பர் எலியட் ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார். ஷ்வார்ட்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் கறுப்பு. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்த கம்பெனிக்குப் பெயர் ‘கிரே மேட்டர்’. கிரே, அதாவது சாம்பல்! தன் பங்கை 5,000 டாலருக்கு விற்றுவிட்டு வால்டர் வெளியேறுகிறார். பிற்பாடு அந்தக் கம்பெனி 200 கோடி டாலரைத் தாண்டுகிறது.

அவர் தயாரிக்கும் மெத்தின் நிறம் நீலம். உண்மையில் தூய மெத்துக்கு நிறமே கிடையாது. நீலம் கதைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. படப்பிடிப்பில் பயன்பட்டது நீலச் சாயம் போட்ட கல்கண்டு! வானத்தின் நிறத்தில், 99 சதவீத சுத்தத்தில், ஊரைக் கெடுக்கும் சரக்கு. தொழிலில் வால்டர் கலப்படம் செய்யமாட்டார். தரத்தில் அவ்வளவு நேர்மை. ‘நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் எல்லோருக்கும் அந்த நீலத்தில் ஒரு செய்தி இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

இந்தத் தொடரில் மூன்று சாவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, 2008. போதைப்பொருள் விற்கும் ஒருவனை ஜெஸ்ஸி வீட்டு நிலவறையில் கட்டி வைத்திருக்கிறார்கள். விட்டால் அவன் இவர்களைக் கொல்வான். கொல்ல வால்டருக்குக் கை வரவில்லை. ஒரு தாளை எடுத்து, கொல்லலாமா கூடாதா என்று காரணங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுகிறார் (பற்று, வரவு மாதிரி!). அவனுக்கு சாண்ட்விச் செய்து கொடுக்கிறார். உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார். விட்டுவிடலாம் என்று முடிவுகூடச் செய்துவிடுகிறார். அவன் உடைந்த தட்டின் சில்லு ஒன்றை ஒளித்து வைத்திருப்பது தெரிந்த பிறகுதான் கொல்கிறார். கொன்றுவிட்டு அழுகிறார்.

இரண்டாவது, 2009. ஜெஸ்ஸியின் காதலி ஜேன், வால்டரை மிரட்டிப் பணம் கேட்டவள். போதையில் மல்லாந்து கிடக்கும்போது வாந்தி தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறுகிறாள். வால்டர் கட்டில் பக்கத்தில்தான் நிற்கிறார். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பிழைத்துவிடுவாள். கை நீட்டப் போகிறார். நிறுத்திக்கொள்கிறார். சும்மா நிற்கிறார். கண் கலங்குகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, 2012. தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பத்துப் பேரை மூன்று சிறைகளில் ஒரே நேரத்தில் ஆள் வைத்துக் கொல்கிறார். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். வால்டர் ஜன்னல் ஓரம் நின்று வாட்ச்சைப் பார்க்கிறார். கண்ணீர் கிடையாது.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ‘குறைந்து செல் மதிப்பு முறை’ ஞாபகம் இருக்கும். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 100 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறீர்கள். வருடத்துக்கு 20 சதவீதம் தேய்மானம். முதல் வருடம் 20 ரூபாய் போய் 80 நிற்கும். இரண்டாம் வருடம் அந்த 80-ல் 20 சதவீதம், அதாவது 16 ரூபாய் போகும். மூன்றாம் வருடம் 12.80. அடுத்து 10.24.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெரிய இழப்பு முதல் தடவைதான். அதனால்தான் முதல் தப்பு அப்படி வலிக்கிறது. பிறகு ஒவ்வொரு தடவையும் போவது குறைவு, வலியும் குறைவு. நமக்கு மனசு பக்குவப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். தேய்வதற்கு மிச்சம் இருப்பது குறைந்துவிட்டது என்பதுதான் நிஜம்.

இரண்டாவது விஷயம் இன்னும் ஆபத்தானது. இந்த முறையில் எத்தனை வருடம் போனாலும் மதிப்பு பூஜ்யத்துக்கு வராது. ஒரு ரூபாயோ பத்துப் பைசாவோ நின்றுகொண்டே இருக்கும். அந்தப் பத்துப் பைசாவைக் காட்டித்தான் வால்டர் ஐந்து சீசனும் பேசுகிறார். ‘எல்லாம் குடும்பத்துக்காக!’ பணக்கார நண்பர்கள் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று முதல் சீசனிலேயே சொன்னபோது, கௌரவம் பார்த்து வேண்டாம் என்றவர் இவர். கழுவும் வேலை பார்த்த அதே கார் வாஷ் கடையைப் பிற்பாடு விலைக்கு வாங்கி, கறுப்புப் பணத்தை அதில் வெளுக்கிறார். கணக்கு எழுதுவது மனைவி. எண்ணி முடியாத அளவுக்குப் பணம் குவிந்த பிறகும், குடும்பத்துக்காக.

நிறம் பார்வையாளருக்குக் காட்டிக்கொடுக்கிறது, வால்டருக்குக் காட்டுவதில்லை. தன் சட்டை கருத்துவிட்டதே என்று அவர் ஒரு நாளும் கண்ணாடி முன்னால் நின்று யோசிப்பதில்லை.

ஆனால் நிறத்தை முழுக்க நம்பிவிடவும் கூடாது. இதே தொடரில் கதை மெக்ஸிகோவுக்குப் போனால் திரை முழுக்க மஞ்சள் பூசிக்கொள்ளும். 2000-ல் வந்த ‘டிராஃபிக்’ படத்திலும் இந்த வேலை உண்டு. ஒரு நாட்டையே காய்ச்சல் கண்டது மாதிரி காட்டுவது நியாயமா என்று பலர் கண்டித்திருக்கிறார்கள். சரியான கண்டனம். ஒரு மனுஷன் மாறுவதைச் சொல்ல நிறம் உதவும். ஒரு தேசத்து ஜனங்கள் இப்படித்தான் என்று சொல்ல அதே நிறத்தை எடுத்தால் அது பொய்.

இப்போது என் பழைய கணக்கு.

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால், ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். தினமும் பேங்க்குக்குப் போய்வர வேண்டும். பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோ என்று வவுச்சர் எழுதினேன். முதல் வவுச்சர் எழுதிய ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எல்லா வவுச்சரிலும் என் கையெழுத்தே இருந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. ஆபீஸ் பையன் என்று எல்லோரும் கூப்பிட்ட, ஐம்பது வயதான அட்டெண்டர் ஒருவர் இருந்தார். “அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போடுங்க” என்பேன். “எதுக்கு சார்?” என்பார். “சும்மா, கணக்குக்குத்தான்.” படிக்காமல் போட்டுவிடுவார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆடிட்டில் மாட்டியது. வவுச்சர் முழுக்க அவர் கையெழுத்து. மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நான் ஃபைல் அலமாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சும்மா நின்றேன். மறுநாள் அவர் ஸ்டூல் காலியாக இருந்தது. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

‘நான் அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லையே, தூக்கியது மேனேஜர்’ என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஜேன் கட்டில் பக்கத்தில் வால்டர் நிற்பதைப் பார்த்த அன்றைக்கு அந்த வாதம் செத்துப்போனது.

அந்த இரண்டாவது சீசனில் சில எபிசோட்களின் ஆரம்பம் கறுப்பு வெள்ளையில் வரும். வால்டர் வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு கரடி பொம்மை மிதக்கும். அதற்கு மட்டும் இளஞ்சிவப்பு நிறம். என்ன ஏது என்று கடைசியில்தான் தெரியும். ஜேனின் அப்பா விமானங்களுக்கு வழி சொல்லும் வேலையில் இருப்பவர். மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு வேலைக்கு வருகிறார், பிசகுகிறார். இரண்டு விமானங்கள் வானத்தில் மோதுகின்றன. 167 பேர் சாகிறார்கள். பொம்மை மேலிருந்து வால்டர் வீட்டிலேயே வந்து விழுகிறது. சும்மா நின்றதற்கு வந்த பில்!

எனக்கு அப்படி எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. பெரும்பாலானவர்களுக்கு விழுவதில்லை. நம்முடைய பொம்மை யார் வீட்டுக் குளத்தில் விழுந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டா? கணக்குப்பதிவியலில் ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பு அங்கேயே இருக்கட்டும். தேதி போட்டு ஒரு திருத்தப் பதிவு எழுத வேண்டும். வால்டர் கடைசி எபிசோடில் அதைச் செய்கிறார். குடும்பத்துக்காக அல்ல, எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார். போன உயிர் எதுவும் திரும்பவில்லை. ஆனால் ஐந்து சீசனில் அந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

இதன் கிளைத் தொடர் ‘பெட்டர் கால் சால்’, 2015 முதல் 2022 வரை வந்தது. வால்டருக்கு உதவிய வக்கீல் சால் குட்மேன், வேறு ஊரில் வேறு பெயரில் ஒளிந்து வாழும் பகுதி முழுக்கக் கறுப்பு வெள்ளை. மாட்டிக்கொண்ட பிறகும் வாய்ச் சாமர்த்தியத்தால் தண்டனையை ஏழு வருடத்துக்குக் குறைத்துவிடுகிறார். ஆனால் கோர்ட்டில் நின்று, தான் செய்ததையெல்லாம் தானே சொல்கிறார். 86 வருடம் கிடைக்கிறது. சிறைக்கு வரும் முன்னாள் மனைவியோடு ஒரு சிகரெட்டைப் பகிர்ந்துகொள்கிறார். சுற்றிலும் கறுப்பு வெள்ளை. நெருப்புக்கு மட்டும் நிறம்.

அந்தச் சின்ன நெருப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அண்ணனின் ஊர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. முகவரி இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போவதாக இருக்கிறேன். உங்கள் பேரேட்டிலும் இப்படி ஒரு பக்கம் இருந்தால், ஆள் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.