வார்த்த மண்டையோடும் வாய்மையும்

பொய் கூறாமை பஞ்ச சீலங்களுள் ஒன்று. அச்சீலம் நாவிற்கு மட்டுமோ, கை செய்யும் பொருளுக்கும் உரியதோ என்பது ஆராயத்தக்கது. வாட்பல் பூனை முதலாக, மறைந்தொழிந்த விலங்குகளின் மண்டையோடுகளை அச்செடுத்து, பிளாஸ்டரிலும் செயற்கைப் பிசினிலும் வார்த்துக் காட்சிக்கு வைப்போரும், விலைக்கு வாங்கிச் சேர்ப்போரும் இன்று பலர். எலும்பல்லாததை எலும்பின் உருவில் வைத்தல் பொய்யாகுமா?

ஐதராபாத்து பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் இவ்வினாவிற்குத் தக்க சான்றொன்று நிற்கின்றது. கோட்டாசாரஸ் என்னும் அப்பெருவிலங்கு பாலூட்டியன்று, டைனோசார் இனத்தது. கோதாவரிப் பகுதியில் யாமன்பள்ளி என்னுமிடத்தில், 12 விலங்குகளுக்குக் குறையாதவற்றின் எலும்புகள் கலந்து கிடைத்தன. 1988-இல் யாதகிரி என்னும் அறிஞர் அதற்குப் பெயரிட்டார். மண்டையோடு மட்டும் அகப்படவில்லை. பற்கள் இரண்டே கிடைத்தன. ஆகவே, நாம் காணும் தலை ஒப்புநோக்கி மனிதர் செய்து பொருத்தியதேயாகும். அதே கோட்டாப் பாறைகளில் கிடைத்த கோட்டாதீரியம் முதலிய ஆதிப் பாலூட்டிகளுக்கோ சின்னஞ்சிறு பற்களே சாட்சி. அவற்றிற்கு ஒருவன் முழுத்தலை வார்த்து, 'இது மெய்' என்று விற்பானாயின், அவன் வாய் திறவாமலே பொய் கூறியவனாவான்.

மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி, உறுப்புகளின் கூட்டத்திற்கே தேர் என்று பெயர் என விளக்கினார். பல உடல்களின் எலும்பு கூடி ஒரு பெயர் பெற்ற அவ்விலங்கும் அத்தகையதே. கூட்டியதில் குற்றமில்லை, கூட்டியதை மறைத்தலே குற்றம். உசேன்சாகர் ஏரியில் 1992-இல் நிறுவப்பட்ட சிலையைப் புத்தர் என்று எவரும் மயங்குவதில்லை. அது புத்தரை நினைப்பூட்டும் குறி. வார்ப்பென்று எழுதி வைத்த மண்டையோடும் அவ்வாறே. அது கண்டோர்க்கு அநித்தியத்தைப் போதிக்கும். மூல எலும்பையும் பலர் கைபடாமல் காக்கும். எனினும் பெருமைக்காகச் சேர்ப்பவனுக்குப் பிசினும் பற்றேயாம்.

அன்பர்களே, இந்நெறி நமக்கும் வேண்டுவது. தமிழகத்துப் பௌத்த வரலாறும் சிதறிய எலும்புக் குவியலே. மணிமேகலை முழுமையாக உண்டு; குண்டலகேசியிற் சில பாடல்களே எஞ்சின. நாகப்பட்டினத்துப் படிமங்கள் உண்டு. அவற்றை வணங்கியோர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாச பண்டிதர் அச்சிதறலைக் கூட்டி உருவமைக்க முனைந்தார். அப்பணி தொடர வேண்டும். இழிவு சுமத்தப்பட்டோர்க்குத் தம் முன்னோரின் முகத்தைக் காணும் வேட்கை இயல்பே. ஆயினும் கிடைத்தது இது, நாம் ஊகித்துப் பொருத்தியது இது என்று பிரித்தெழுதுவோமாக. மறைத்துச் சேர்த்த தலை ஒன்று வெளிப்படின், மெய்யான எலும்புகளையும் உலகம் ஐயுறும். வாய்மையால் நமது வரலாறு குறையாது, நிலைபெறும்.