காவலும் உரிமையும்

பிறர்க்குரிய பொருளொன்றைப் பேணிக் காத்தல் அறமேயாம். ஆயின், காத்தமையால் அப்பொருள் காத்தவர்க்கே உரியதாகுமோ? திருக்கோயில்களினின்றும் பெயர்க்கப்பட்ட திருமேனிகளை வைத்திருக்கும் பொருட்காட்சிச்சாலைகளை நோக்கி இவ்வினா எழுகின்றது.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் திருக்கோயிலினின்றும் சோழர்காலக் கூத்தப்பெருமான் திருமேனி 2006-இல் களவுபோயிற்று. அதனை ஆஸ்திரேலிய நாட்டுக் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறக்குறைய 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. களவு வெளிப்பட்டபின், 2014 செப்டம்பரில் அந்நாட்டுத் தலைமையமைச்சர் அதனைப் புதுதில்லியில் நம் தலைமையமைச்சரிடம் ஒப்புவித்தார்.

ஈண்டுச் சிலர், "பூசையும் காவலும் அருகிக் கிடந்த திருமேனி காட்சிச்சாலையிற் பழுதின்றி நின்றது, பல நாட்டாரும் கண்டு மகிழ்ந்தனர், ஆதலின் ஆங்கிருத்தலே நன்று" என்பர். அது பொருந்தாது. என்னை? ஒருவன் கடமையில் வழுவினமையால் அவனுரிமை பிறர்பாற் சென்றுவிடாது. 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்டு இலண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர்க் கூத்தப்பெருமான் வழக்கு இதற்குச் சான்றாகும். பாழ்பட்டுக் கிடந்த கோயிலும் தன் பொருளை வேண்டி வழக்காடலாமென்பதை ஆங்கில நாட்டு மேன்முறையீட்டு மன்றமே 1991-இல் ஒப்புக்கொண்டு, கோயிற்கே தீர்ப்பளித்தது.

அன்றியும், காட்சிச்சாலை காப்பது வடிவினை. ஊரார் இழந்தது வழிபாட்டினை. கலைநலங் காண்பார்க்குச் சிற்பமாக நிற்பதே, ஆவாகித்து வழிபட்டார்க்கு இறைவன் எழுந்தருளும் இடமாம். இவ்விருவருள் ஒருவர் கருத்தை மட்டும் கேட்டொழுகுதல் நடுவுநிலையன்று. ஆகலின், வாங்குமுன் பொருள் வந்த வழியை ஆராய்தலும், அறிந்ததை மறையாது வெளியிடுதலும், உரியாரைத் தேடி வினாவுதலும், களவெனத் தெளிந்தவிடத்து மீள அளித்தலும் காட்சிச்சாலையார்க்குக் கடனாம். உரியார் மனமொப்பி விடுத்தவற்றை அடைக்கலப்பொருளெனக் கொண்டு, அவர் கூறும் முறைமைப்படி வைத்துக் காத்தல் வேண்டும்.

இத்துணையும் அயலார்க்குக் கூறியது. நமக்குக் கூறவேண்டுவதும் ஒன்றுண்டு. ஸ்ரீபுரந்தானிற் களவு நிகழ்ந்தமை ஈராண்டின் பின்னரே வெளிப்பட்டது. நாடோறும் விளக்கிடுவார் ஒருவரிருந்திருப்பின் மறுநாளே அறியப்பட்டிருக்குமன்றோ? மீண்ட திருமேனிகள் பலவும் கோயில் சேராது காப்பறைகளிற் பூட்டுண்டிருத்தல் அதனினும் வருந்தத்தக்கது. காட்சிச்சாலையிற் கண்ணாடிக்குள் நின்றதற்கும் காப்பறையில் இருளுள் நிற்பதற்கும் வழிபாட்டளவில் வேற்றுமை யாது?

திருப்பித் தருதல் அறத்திற் பாதியே. ஏற்று, காத்து, வழிபடுதல் மற்றைப் பாதி. முன்னதை அயலாரிடம் வற்புறுத்தும் நாம் பின்னதை நம் கடனென ஏற்றல் வேண்டும். திருமடத்துப் பெரியோரும் சைவ நன்மக்களும் இதனை ஓர்வாராக.