தலையணையும் துறவும்

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள் உள்ளன. எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கும் தலைமாட்டில் கல்லைச் சற்று மேடாக விட்டே செதுக்கியிருக்கிறார்கள். ஆக, தலைக்கு உயரம் தேடுவது உடம்பின் தேவை. அதை ஆசைக் கணக்கில் எழுத முடியாது. சோபாவில் அடுக்கும் பூவேலைத் தலையணையோ யார் தலையையும் தாங்குவதில்லை. உட்கார வருபவர் அதை ஒதுக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அப்படியானால் அது வெறும் பற்றுதானே என்பார்கள். அந்த வாதம் அதே குன்றிலேயே இடறுகிறது: அங்குள்ள குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக்குளமே தீட்டப்பட்டிருக்கிறது. அது வழிபாட்டிடம், வரவேற்பறை அல்ல என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அழகு தன்னளவிலேயே பற்று என்றால் கோயிலிலும் அது பற்றுதான். விருந்தாளி சாய்ந்தால் கசங்குமே என்று பதறவைக்கும் பட்டுறை எனக்கு உறுத்துகிறது. துவைத்து மாட்டக்கூடிய கைத்தறி உறை இரண்டு உறுத்தவில்லை.