எறும்பின் குற்றம் என்ன?

எங்கள் வளவில் ஒரு மாமரம் நின்றது. சிறு வயதில் அதில் ஏறி மாங்காய் பறிக்கப்போய், முசுறு கடித்து முகமெல்லாம் வீங்கிவிட்டது. ஆத்திரத்தில் காய்ந்த தென்னோலையில் சூள் கட்டிப் பற்றவைத்து, இலைகளைப் பிணைத்துக் கட்டியிருந்த அந்தக் கூட்டை எரிக்கப் போனேன். மூத்தம்மா ஓடிவந்து சூளைப் பறித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்தினார். "நெருப்பு வெக்காத மனே, அதுகளும் அல்லாட படைப்புத்தானே" என்றார். பிறகு, ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புக் கூட்டத்தையே எரித்த ஒரு நபியை இறைவன் கண்டித்த கதையைச் சொன்னார். அது ஹதீஸில் வரும் செய்தி என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரமே மூத்தம்மா இன்னொன்றும் செய்தார். தங்கையின் ஏணை கட்டியிருந்த இடத்துக்கு நேர் மேலே மற்றொரு முசுறுக்கூடு இருந்தது. அந்தச் சிறு கிளையை மட்டும் வெட்டுவித்து வேலிக்கு அப்பால் போடச் செய்தார். அதில் எத்தனையோ எறும்புகள் செத்திருக்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் அப்போது கேட்கவில்லை. கிறிஸ்மஸ் தீவைப் பற்றி வாசித்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

இந்து சமுத்திரத்தில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீற்றர் தொலைவில், அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமாக இருக்கும் சிறு தீவு அது. பரப்பு 135 சதுர கிலோமீற்றர். எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராமல் கடலுக்குள்ளிருந்தே எழுந்த நிலம். அங்கே கோடிக்கணக்கில் சிவப்பு நண்டுகள் வாழ்கின்றன. மழைக்காலம் தொடங்கியதும் அவை காட்டிலிருந்து கடலை நோக்கி நடக்கின்றன. தேய்பிறையின் கடைசிக் கால் பகுதியில், விடியுமுன்னர், முட்டைகளைக் கடலில் விடுகின்றன. அவை கடந்து செல்வதற்காக வீதிகளை மூடுகிறார்கள், பாலமும் சுரங்கப்பாதையும் கட்டி வைத்திருக்கிறார்கள். சருகையும் இளங்கன்றுகளையும் தின்று அந்தக் காட்டுக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தவை இந்த நண்டுகளே.

1915க்கும் 1934க்கும் இடைப்பட்ட காலத்தில், கப்பற் சரக்கோடு ஓர் எறும்பு அங்கே வந்து சேர்ந்தது. கலைத்தால் திசை தெரியாமல் அங்குமிங்கும் ஓடுவதால் மஞ்சள் பைத்திய எறும்பு என்று அதற்குப் பெயர். பல தசாப்தங்களாக அது யாருடைய கவனத்தையும் ஈர்க்காமல் இருந்தது. 1989இல்தான் அதன் முதலாவது பெருங்கூட்டம் கண்டறியப்பட்டது. பல இராணிகளைக் கொண்டு, தமக்குள் சண்டையில்லாமல் பரவும் கூட்டம் அது. அதற்குள் ஒரு சதுர மீற்றர் தரையில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான எறும்புகள் நடமாடியது கணக்கிடப்பட்டுள்ளது. தம் வழியில் குறுக்கிடும் நண்டின் மீது அவை போமிக் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. நண்டு கண் குருடாகி, உடல் வரண்டு சாகிறது. இப்படி மடிந்த நண்டுகள் ஒரு கோடிக்கும் மேல். எறும்பே இல்லாத காட்டுப் பகுதிகளும் வெறுமையாயின. அங்கிருந்து கடலுக்குப் புறப்பட்ட நண்டுகள் வழியில் எறும்புக் கூட்டங்களுக்குள் அகப்பட்டுத் திரும்பி வரவில்லை.

எறும்புக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? மரங்களில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளிடமிருந்து. அவை இனிப்பான கழிவை வெளியேற்றும். எறும்பு அதைக் குடித்துப் பெருகும், பதிலுக்குப் பூச்சியைக் காவல் செய்யும். பூச்சி பெருக மரத்தில் கரும்பூஞ்சணம் படியும், மரம் நலியும். இவற்றுள் முக்கியமான செதில் பூச்சியும் வெளியிலிருந்து வந்ததே.

2002இல் ஹெலிகொப்டரிலிருந்து, பிப்ரோனில் என்னும் நஞ்சு கலந்த இரையைச் சுமார் 2,500 ஹெக்டயர் காட்டில் தூவினார்கள். எறும்புகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆனால் அவை மறுபடியும் முளைத்தன. 2009இலும் 2012இலும் திரும்பத் தூவ வேண்டியிருந்தது.

இதை நான் ஓர் இலக்கிய நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "வலியது வாழும் என்பதுதானே இயற்கை? நண்டுக்காக எறும்பைக் கொல்ல மனிதனுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?"

இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த எறும்பு ஒரு குற்றமும் செய்யவில்லை. கப்பலேற வேண்டுமென்று அது நினைக்கவில்லை. பசித்தபோது தின்றது, இடம் கிடைத்தபோது பெருகியது. ஆயினும் நண்பர் ஒன்றை மறந்துவிடுகிறார். அந்தத் தீவுக்கு இயற்கை கட்டிய மதில் கடல். அதை உடைத்தது எறும்பல்ல, நமது கப்பல். உடைத்துவிட்டு, இனி இயற்கையின் பாட்டில் நடக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொள்வது இயற்கையை மதிப்பதாகாது. முதலில் செய்த பிழையை மூடி மறைப்பதாகும்.

எண்ணிக்கையை வைத்தும் இதைத் தீர்க்க முடியாது. இத்தனை கோடி எறும்பா, அத்தனை கோடி நண்டா என்று தராசில் போட்டால் எறும்புதான் வெல்லும். நான் பார்க்கும் வேறுபாடு வேறு. மஞ்சள் பைத்திய எறும்பு நமது நாடு உட்பட வெப்பவலய நாடுகள் பலவற்றில் இருக்கிறது. கிறிஸ்மஸ் தீவில் அது குறைந்தால் உலகத்திலிருந்து அது மறைந்துவிடாது. சிவப்பு நண்டுக்கோ, அத்தீவையும் கொக்கோஸ் தீவுகளையும் விட்டால் போக்கிடம் இல்லை. ஓர் உயிரைக் கொல்வது ஒன்று. ஓர் இனத்துக்கே முடிவு கட்டுவது இன்னொன்று. பின்னதைத் திருத்த யாராலும் முடியாது.

இவ்வளவு தூரம் எனக்குத் தடையில்லை. தடக்குவது ஒரு சொல்லில். இந்த எறும்புகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களுக்கு 'வந்தேறி' என்ற சொல் எளிதாகக் கைக்கு வருகிறது. நூற்றாண்டுகளாக வாழ்ந்த மண்ணில் அந்தச் சொல்லைத் தன்னை நோக்கி எறியக் கேட்டவனுக்கு அதை வாசிக்கும்போது உடல் கூசும். வந்தது என்பதே குற்றமென்றால் அந்தக் குற்றப்பத்திரிகை எறும்போடு நிற்குமா?

கிறிஸ்மஸ் தீவில் 1888க்கு முன்னர் குடிகள் இருக்கவில்லை. பொஸ்பேற்று அகழ்வதற்காகச் சீனரும் மலாயரும் கொண்டுவரப்பட்டனர். இன்றும் அங்கே கடற்கரையோரம் மலாய் முஸ்லிம்களின் கம்பொங்கும் பள்ளிவாசலும் இருக்கின்றன. அதே தீவில்தான், படகில் வந்த அகதிகளை அடைத்து வைப்பதற்கென்று அவுஸ்திரேலியா கட்டிய பெரிய தடுப்பு முகாம் 2008இல் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து போன தமிழர்களும் அங்கே தடுத்து வைக்கப்பட்டார்கள். எறும்புக்குச் சொல்லும் சொல்லும் மனிதனுக்குச் சொல்லும் சொல்லும் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குத் தேவையில்லை.

பூர்வீகம் என்பதும் நாம் எண்ணுவதுபோல அவ்வளவு தெளிவானதல்ல. மக்லியர் எலி என்று ஓர் எலியினம் அந்தத் தீவில் மட்டும் வாழ்ந்தது. 1899இல் கப்பலில் வந்த கறுப்பெலிகள் கொண்டுவந்த நோயால் அது 1903ஆம் ஆண்டளவில் அழிந்தது. நண்டுகளை அந்த எலி தின்று கட்டுப்படுத்தியிருக்கலாம் என்றும், அது அழிந்த பிறகே நண்டுகள் இவ்வளவு பெருகின என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால் நாம் காக்க முனையும் காடே முந்திய ஓர் அழிவின் மேல் எழுந்ததாக இருக்கலாம். ஆதி நிலையை மீட்கிறோம் என்று யாரும் மார்தட்டிக்கொள்வதற்கில்லை.

எனவே எறும்பை நிறுத்த வேண்டியதற்குக் காரணம் அது வந்தது அல்ல, இன்று அது விளைவிப்பது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்பது பிறப்பைக் கேட்பது. உன்னால் என்ன நேர்கிறது என்று கேட்பது நடப்பைக் கேட்பது. வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த எறும்பு தீங்கு தெரியாமல் வாழ்ந்தது என்பதே போதிய சாட்சி.

இந்த வேறுபாடு வெறும் சொல்விளையாட்டல்ல. செய்யும் முறையையே அது மாற்றிவிடும். வந்ததுதான் குற்றமென்று நினைப்பவன் கடைசி எறும்பு வரை கொல்ல முனைவான். பிப்ரோனில் எறும்பை மட்டும் அடையாளம் கண்டு கொல்வதில்லை, நண்டையும் கொல்லும். தரையில் வாழும் நண்டுகளிலே மிகப் பெரிய தென்னை நண்டைத் தூரத்தே இழுக்க வேறு இரை போட்டுவிட்டுத்தான் நஞ்சைத் தூவ வேண்டியிருந்தது.

விளைவை நினைத்தவர்கள் வேறு வழி தேடினார்கள். அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எறும்பை விட்டுவிட்டு, அதற்கு இனிப்பு ஊட்டும் செதில் பூச்சியைக் கவனித்தார்கள். மலேசியாவில் அப்பூச்சிக்குள் முட்டையிடும், இரண்டு மில்லிமீற்றர் அளவேயான ஒரு குளவி உண்டு. அது மனிதரைக் கொட்டுவதில்லை. கரும்பு வண்டைத் தின்னட்டுமென்று 1935இல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த தேரை வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்று பரவிய பாடம் அவர்களுக்கு நினைவிருந்தது. ஆகவே இந்தக் குளவி வேறு உயிர்களைத் தொடுமா என்று ஆண்டுக்கணக்கில் சோதித்த பின்னரே, 2016 டிசெம்பரில் தீவில் விட்டார்கள். எறும்பை அடியோடு ஒழிப்பது இதன் நோக்கமல்ல. இனிப்புக் குறைந்தால் பெருங்கூட்டம் குன்றி, எறும்பு பழையபடி ஒரு மூலையில் வாழும் என்பதே எண்ணம். தீவைக் காக்கப் போன குளவியும் வெளியூரிலிருந்து வந்ததுதான் என்பதை வந்தேறி என்ற சொல்லை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

இதனால் நமது கை சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. குளவியின் வயிற்றுப் பிள்ளை செதில் பூச்சியை உள்ளிருந்து தின்றுதான் வெளிவருகிறது. அதுவும் சாவுதான். சரக்கையும் மண்ணையும் மரக்கன்றையும் துறைமுகத்திலேயே ஒழுங்காகச் சோதிப்பதில் நாம் காட்டும் அலட்சியத்துக்கு, பிறகு இப்படி ஏதோ ஓர் உயிர் விலை கொடுக்கிறது. கொல்ல வேண்டி வருகின்றபோது, இது என் கடன், எறும்பின் குற்றமல்ல என்று உணர்ந்தவன்தான் அளவோடு நிறுத்துவான்.

மூத்தம்மா இவற்றில் எதையும் வாசித்தவரல்ல. எனக்குக் கடித்த வலிக்காகக் கூட்டை எரிக்க அவர் விடவில்லை. ஏணையில் பிள்ளை கிடந்ததால் கிளையை வெட்டச் சொன்னார். வெட்டும்போது பிஸ்மி சொன்னார். பிறகு, ஏணையைக் கட்டுமுன் மேலே பார்க்காதது தனது பிழை என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.