பிணத்தை நேசிக்கும் சுற்றம்

1957 மார்ச் 6 அன்று வெள்ளையர் ஆட்சியின் தளையறுத்து விடுதலை பெற்ற நாடு, மேற்கு ஆப்பிரிக்காவின் கானா. அந்நாட்டின் பெரிய இனத்தவரான அக்கான் மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது: "சுற்றம் பிணத்தை நேசிக்கும்." அவர்கள் மொழியில் மூன்றே சொற்கள். பாராட்டன்று அது, சாட்டையடி!

சனிக்கிழமை ஒன்றில் கானா நாட்டு ஊருக்குள் நுழைந்தால் அதன் பொருள் விளங்கும். தெருவெங்கும் பந்தல். கறுப்பும் சிவப்பும் உடுத்த கூட்டம். பறை முழக்கம், ஆடல், பாடல். யார் எவ்வளவு தந்தார் என்று ஒலிபெருக்கி முழங்கும். இவ்வளவுக்கும் உரியவரோ, வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில், பிணவறையின் குளிரில் கிடந்தவர். கடல் கடந்த உறவினர் வரவேண்டும், பணம் திரளவேண்டும், அல்லவா? அக்ரா நகரை அடுத்த தேஷி என்னும் ஊரில், மீனவனுக்கு மீன் வடிவிலும், கோக்கோ உழவனுக்குக் கோக்கோக் காய் வடிவிலும் சவப்பெட்டி செய்கிறார்கள். கைத்திறன் வியக்கத்தக்கது, மறுப்பாரில்லை. ஆனால் மீன்வடிவப் பெட்டியில் துயில்பவன், மருந்துக்குக் காசின்றி மாண்டிருந்தால்?

"இறந்தோரை மதிப்பது குற்றமா?" என்று கேட்கலாம். குற்றமன்று. வந்தவர் தரும் நன்கொடை, வாடிய குடும்பத்தின் சுமையைத் தாங்குகிறது. பிரிந்த உறவுகளைப் பந்தல் ஒன்றுகூட்டுகிறது. இவை நன்மைகளே. ஆயின், கடமை யாருக்கு முதலில்? கேளாத காதுக்கா, கேட்டு ஏங்கும் காதுக்கா?

அக்கான் மக்கள் மருமக்கள்வழியினர். உடல் தாய்வழிச் சுற்றத்திற்கே உரியது என்பது மரபு. உடல் மட்டுமா? உயில் எழுதாமல் கணவன் இறந்தால், அவன் உழைத்துத் தேடிய சொத்தும் அச்சுற்றத்தையே சேர்ந்தது. உடன்பிறந்தானோ, உடன்பிறந்தாள் மகனோ வாரிசானான். உடனிருந்து உழைத்த மனைவிக்கும், அவன் பெற்ற மக்களுக்கும் வாரிசுரிமை இல்லை! பிணத்திற்குப் பெருவிழா, பிள்ளைக்குப் பெருந்தெரு!

இந்த அநீதியைக் கானாவே உணர்ந்தது. உயிலின்றி இறந்தோர் சொத்தில் மனைவிக்கும் மக்களுக்கும் பெரும்பங்கு தரும் சட்டம் 1985-இல் வந்தது. மரபு மலையன்று, மனிதன் மாற்றக்கூடியதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அந்தப் பழமொழியும் அயலான் எய்த அம்பன்று. அம்மக்களே தம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி. தன் குறையைத் தானே நகைக்கத் தெரிந்த சமுதாயம் தாழ்ந்துவிடாது.

அவர்களிடம் "சங்கோஃபா" என்றொரு சின்னம் உண்டு. தலையைப் பின்னே திருப்பி முட்டையைக் கவ்வும் பறவை அது. மறந்ததை மீண்டும் சென்று எடுப்பது தவறன்று என்பது அதன் பொருள். "பழமை அனைத்தும் போற்று" என்று சிலர் அதற்குப் பொருள் கூறக்கூடும். தோழர்களே, அப்பறவையைக் கூர்ந்து நோக்குங்கள். முட்டையைத்தான் கவ்வுகிறது, கூட்டையே சுமக்கவில்லை. கால்களோ முன்னோக்கியே நிற்கின்றன.

கூடிக் கொடுக்கும் அந்தக் கை, முட்டை. அதை எடுத்துக்கொள்வோம். ஆனால், பந்தலில் நீளும் அந்தக் கை, நோயாளியின் படுக்கையருகே நீளட்டும். சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.